ஏழு மாதமாகியும் முட்டை இல்லை: வெயில் காரணமா, வயது காரணமா?

பெங்களூர் கே.ஆர்.புரம் பக்கம் வீட்டின் பின்புறம், இருபதுக்குப் பதினைந்து அடி இடத்தில் ஐந்து நாட்டுக் கோழிகள் வளர்க்கிறீர்கள். அக்டோபர் கடைசியில் வாங்கும்போது இரண்டு மாதக் குஞ்சு என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். இப்போது மார்ச் முடியப்போகிறது, இன்னும் ஒரு முட்டையைக்கூடக் காணவில்லை. மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன என்றும், எந்த மரம் நட்டால் சீக்கிரம் நிழல் கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சேவல் இல்லாததுதான் காரணம் என்று உங்கள் மாமியார் சொல்வதையும் எழுதியிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், வெயிலில் விட்டுக் கோழிகளைக் கெடுத்துவிட்டோமோ என்ற கவலைதான் தெரிகிறது. கெடுக்கவில்லை. முட்டை வராததற்கு வயதே பெரும்பாலும் காரணம். வெயில் தனிப் பிரச்சினை. அதற்கு நீங்கள் உடனே ஏதாவது செய்தாக வேண்டும், ஆனால் முட்டையை வரவழைப்பதற்காக அல்ல.

நான் ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். ஹொரமாவில் என் வீட்டுக்குப் பின்னால் இப்போதும் ஒன்பது கோழிகள் இருக்கின்றன. உங்கள் கோழிகளைப் பார்க்காமல்தான் எழுதுகிறேன். ஆகவே எதை உறுதியாகச் சொல்கிறேன், எதை ஊகித்துச் சொல்கிறேன் என்பதை அங்கங்கே பிரித்துக் காட்டுகிறேன்.

முதல் முட்டை எப்போது வரும் என்பதை இனமும் வயதும்தான் தீர்மானிக்கின்றன. இது உறுதி. ஐந்தாம் மாதத்தில் முட்டை வரும் என்று நீங்கள் படித்திருந்தால் அது பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் போன்ற முட்டைக் கோழிகளின் கணக்கு. அவை 18 முதல் 20 வாரத்துக்குள் இடத் தொடங்கிவிடும். ஹெப்பாலில் உருவாக்கிய கிரிராஜா என்ற கோழி இனம் ஐந்தரை, ஆறு மாதம் எடுத்துக்கொள்ளும். நம் நாட்டுக் கோழிக்கு ஆறு முதல் ஏழு மாதம் ஆகும். சண்டைக்கோழி இனமான அசில் கலப்பு இருந்தால் எட்டு மாதம் ஆனாலும் நான் வியப்படைய மாட்டேன். கூடையில் குஞ்சு விற்பவர்கள் சொல்லும் வயதையும் அப்படியே நம்ப முடியாது. ஆறு வாரக் குஞ்சு நன்றாகத் தின்று வளர்ந்திருந்தால் பார்ப்பதற்கு இரண்டு மாதக் குஞ்சு போலத்தான் இருக்கும். உங்கள் கணக்கில் ஏழு மாதம் என்பது உண்மையில் ஆறரையாக இருக்கலாம். அப்படியானால் அவை தாமதமாகவே இல்லை.

நாள்காட்டியை விட்டுவிட்டுக் கோழியைப் பாருங்கள். விடைக்கோழி, அதாவது இன்னும் முட்டையிடாத இளங்கோழி, முட்டைக்குத் தயாராகும்போது அதன் உடம்பே சொல்லிவிடும். வெளிர் ரோஜா நிறத்தில் சுருங்கிக் கிடந்த கொண்டையும் தாடியும் சில வாரங்களில் பெருத்து, செம்பருத்திப் பூப்போலச் சிவக்கும். இரண்டு கோழிகளுக்குக் கொண்டை சிவந்துவிட்டது, மூன்றுக்கு இன்னும் வெளிறியிருக்கிறது என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி அதுதான். அடுத்தது, முதுகில் கை வைத்ததும் சிறகைச் சற்று விரித்துத் தரையோடு பதுங்கி உட்காரும். சேவலே இல்லாத வீட்டிலும் இதைச் செய்யும். இப்படிப் பதுங்கத் தொடங்கினால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் முட்டை வரும். மூன்றாவதாக, இரவில் கோழி அமைதியாக இருக்கும்போது கையில் எடுத்து, எச்சத் துவாரத்துக்குக் கீழே இரு பக்கமும் இருக்கும் கூரிய எலும்பு நுனிகளைத் தொட்டுப் பாருங்கள். ஒரு விரல்கூட நுழையாமல் நெருங்கியிருந்தால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாக நுழைந்தால் முட்டை பக்கத்தில் வந்துவிட்டது. கடைசியாகக் காதுக்கு ஒரு வேலை. கோழி கேறத் தொடங்கும். மூலை மூலையாகப் போய் எட்டிப் பார்த்துக்கொண்டு, நீட்டி இழுத்த குரலில் முனகியபடி இடம் தேடும். கிராமத்தில் வளர்ந்த உங்கள் மாமியாருக்கு அந்தக் குரல் உங்களுக்கு முன்பே கேட்டுவிடும்.

அவர் சொல்லும் சேவல் விஷயத்தில் பாதி உண்மை இருக்கிறது. சேவல் இல்லாமல் இட்ட முட்டை குஞ்சு பொரிக்காது. ஆனால் முட்டை வருவதற்குச் சேவல் தேவையே இல்லை. ஊரில் முட்டை என்றாலே அடை வைத்துக் குஞ்சு எடுப்பதுதான் முக்கியமாக இருந்தது, அதனால் இரண்டையும் சேர்த்தே பேசிப் பழகிவிட்டார்கள். நெருக்கமாக வீடுகள் இருக்கும் தெருவில் விடியற்காலை நான்கு மணிக்குக் கூவும் சேவலை வாங்கி வைத்து அக்கம்பக்கத்தாரிடம் மனஸ்தாபம் தேடிக்கொள்ள வேண்டாம்.

இனி வெயில். கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் கிடையாது. அதன் உடல் வெப்பம் இயல்பாகவே 41, 42 டிகிரி செல்சியஸ். சூட்டைக் கொண்டை, தாடி, கால் வழியாகவும், சிறகைத் தூக்கி வைத்துக்கொண்டும், வாயைத் திறந்து மூச்சு வாங்கியும்தான் வெளியேற்ற முடியும். 30 டிகிரியைத் தாண்டினால் சிரமப்படத் தொடங்கும், 35ஐத் தாண்டினால் ஆபத்து. மூச்சு வாங்கும் கோழி தீனியைக் குறைத்துக்கொள்கிறது. தீனி குறைந்தால் வளர்ச்சி மெதுவாகும், பருவம் அடைவதும் தள்ளிப்போகும். முட்டை இடத் தொடங்கிய பிறகு வேறொரு கெடுதலும் உண்டு. மூச்சு வாங்க வாங்க இரத்தத்திலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடுகிறது. முட்டையின் ஓட்டைக் கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட்டுக்கு மூலமே அதுதான். அதனால்தான் கோடையில் ஓடு மெலிந்த முட்டையும், ஓடே இல்லாத தோல்முட்டையும் வருகின்றன. இவையெல்லாம் நன்கு நிறுவப்பட்டவை. உங்கள் கோழிகளின் முட்டையை வெயில் எத்தனை நாள் தள்ளிவைத்திருக்கிறது என்று கேட்டால், அது ஊகம்தான். பெங்களூரில் பிப்ரவரி வரை வெயில் கடுமையாக இருப்பதில்லை, எனவே சில நாட்களுக்கு மேல் இருக்காது என்று நினைக்கிறேன். நிழல் கொடுத்தால் முட்டை முன்கூட்டியே வரும் என்று நம்பாதீர்கள். கோழி உயிரோடும் தெம்போடும் இருக்கும், வர வேண்டிய முட்டை தடையில்லாமல் வரும். அதற்குத்தான் நிழல்.

பெங்களூருக்கு வெயில் பெரிதல்ல என்று நினைத்து நானும் ஒருமுறை இருந்துவிட்டேன். 2016 ஏப்ரலில் இந்த நகரத்தில் 39.2 டிகிரி பதிவானது. அப்போது என் கோழிகளுக்கும் உங்களைப் போலவே தகரக் கூரைதான். மதியம் வெளியே போய்விட்டு நான்கு மணிக்குத் திரும்பினேன். நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு கோழிகள் கூரைக்கு நேர்கீழே செத்துக் கிடந்தன. தண்ணீர்ப் பாத்திரம் நிரம்பித்தான் இருந்தது, ஆனால் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அன்றிலிருந்து தகரத்தை நான் நிழல் என்று சொல்வதில்லை. தகரம் வெயிலை உள்வாங்கித் தானே சுட்டு, அந்தச் சூட்டைக் கீழே இருக்கும் கோழியின் முதுகில் கொட்டுகிறது. இலை அப்படிச் செய்யாது. வேர் இழுத்த நீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருப்பதால் நல்ல வெயிலிலும் அது காற்றைவிட அதிகம் சூடாவதில்லை. மர நிழல் குளிர்ச்சி என்று நாம் சொல்வது வெறும் பேச்சு அல்ல.

நிழலை எங்கே அமைப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 24ஆம் தேதி வாக்கில் நடுப்பகல் பன்னிரண்டே கால் மணிக்குச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. அதாவது, வெயில் மிகக் கடுமையாக இருக்கும் வாரங்களில் உங்கள் மதில்சுவர் உச்சிவேளையில் ஒரு சாண் நிழல்கூடத் தராது. அதன் பிறகு ஆகஸ்ட் 18 வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். வீட்டின் வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று பலர் அங்கேதான் கூண்டை வைக்கிறார்கள். டிசம்பரில் அது சரி, மே மாதத்தில் தவறு. ஆகவே உங்களுக்கு வேண்டியவை இரண்டு: தலைக்கு நேர்மேலே ஒரு பச்சைக் கூரை, பிற்பகல் இரண்டு முதல் நான்கரை மணி வரை சாய்ந்து வரும் வெயிலைத் தடுக்க மேற்குப் பக்கம் ஒரு மறைப்பு. இந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் ஒருமுறை பின்புறம் போய், எங்கே நிழல் விழுகிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டுப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

எந்த மரம் நட்டாலும் இந்தக் கோடைக்கு உதவாது. இன்றைக்குச் செய்ய வேண்டியது தகரத்தின் மேல் சுண்ணாம்பு அடித்து, அதற்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்றைப் பரப்பிக் கட்டுவது. இடைவெளி இல்லாவிட்டால் பாதிப் பயன் போய்விடும். பக்கங்களைத் தார்ப்பாயால் மூடிவிடாதீர்கள், காற்று ஓட வேண்டும். கோடைக்குள்ளேயே பலன் தரக்கூடியது கொடிப் பந்தல். பீர்க்கு, சுரை இரண்டும் இப்போது விதைத்தால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பந்தலை மூடிவிடும். மே மாதத்தின் பாதி உங்கள் கையில் வந்துவிடும். நீண்ட நாளைக்குப் பெங்களூர் கத்திரிக்காய் என்று நம் ஊரில் சொல்லும் சௌசௌ இந்தத் தட்பவெப்பத்துக்கு அருமையான கொடி. இலை அகலம், பந்தல் அடர்த்தி. நிறையத் தண்ணீர் கேட்கும், அவ்வளவுதான். பந்தல் ஆறரை அடி உயரத்தில் இருக்கட்டும். நீங்கள் குனியாமல் நுழைந்தால்தான் தினமும் நுழைவீர்கள்.

மரத்தில் என் முதல் தேர்வு முருங்கை. மணிக்கட்டுப் பருமனில் நான்கைந்து அடிப் போத்தை வெட்டி, மேல்நுனியில் சாணி அப்பி, ஏப்ரலில் வரும் மாம்பழ மழைக்குச் சற்று முன் மேற்கு ஓரத்தில் நட்டால் ஓர் ஆண்டுக்குள் நிழல் விழும். ஆறடியில் நுனியை ஒடித்துவிட்டால் பக்கவாட்டில் பரவும். மே மாதக் காற்றில் கிளை எளிதில் முறியும், கம்பளிப்பூச்சி வரும் என்ற இரண்டு குறைகளையும் தெரிந்துகொண்டே நடுங்கள். நடுவில் ஒரு வாழைக் கட்டை வைத்தால் முருங்கை வளரும்வரை அந்த அகல இலைகள் தாங்கும். இடம் இருந்து, சொந்த வீடாகவும் இருந்தால் ஒரு புங்கை நடுங்கள். கன்னடத்தில் ஹொங்கே என்பார்கள். பிப்ரவரி, மார்ச்சில் சில வாரம் இலை உதிர்த்துவிட்டு, வெயில் ஏறும் ஏப்ரலில் இளம்பச்சையாகத் தழைத்து நிற்கும். நம் தேவையை அறிந்து வளர்வது போல இருக்கும். ஆனால் அது பல ஆண்டுக் கணக்கு. எதை நட்டாலும் முதல் ஆறு மாதம் சுற்றிலும் இரண்டடிக்குக் கம்பிவலை கட்டி, அடியில் பெரிய கற்களை அடுக்குங்கள். இல்லாவிட்டால் ஐந்து கோழிகளும் சேர்ந்து இரண்டே நாளில் வேரைக் கிளறி வெளியே எடுத்துவிடும்.

நடக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் வீடுகளில் பட்டர் ஃப்ரூட் என்னும் அவகாடோ மரம் நிறைய இருக்கிறது. அதன் இலையிலும் காயிலும் பறவைகளுக்கு நஞ்சாகும் பொருள் உண்டு, இதயத்தைத் தாக்கும். அதன் நிழலில் கோழி வளர்க்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அரளியும் ஆமணக்கும் வேண்டவே வேண்டாம். நிழலுக்கு இன்னொரு பயனும் உண்டு. இந்த நகரத்து வானத்தில் பருந்துக்குக் குறைவில்லை, வல்லூறும் உண்டு. மேலே இலைக்கூரை இருந்தால் கோழி அஞ்சாமல் மேயும், மண்குளியல் போடும். நிழலான இடத்தில் ஒரு மூலையை உலர்ந்த மண்ணும் சாம்பலுமாக விட்டுவைத்தால் செள்ளும் பேனும் குறையும்.

நிழல் அடர்ந்துவிட்டால் வெளிச்சம் குறைந்து முட்டை தடைபடுமோ என்று பயப்பட வேண்டாம். மரத்தடியில் இருக்கும் வெளிச்சமே கோழிக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு அதிகம். கெடுப்பது வேறொன்று. தெருநாய்க்கும் பூனைக்கும் பயந்து காலை எட்டு, ஒன்பது மணிவரை கோழிகளை இருட்டுக் கூண்டிலேயே அடைத்து வைக்கும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. பெங்களூரில் டிசம்பரில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம், ஜூனில் சுமார் 12 மணி 50 நிமிடம். கோழி பருவம் அடைய நீளும் பகல் தூண்டுகோல். இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தில் இரண்டு மணி நேரத்தை நாமே திருடிக்கொண்டால் தாமதம் ஆகத்தான் செய்யும். கூண்டுக் கதவைக் கம்பிவலையாக மாற்றினால் போதும், விடியலிலேயே திறந்துவிட வேண்டும் என்பதில்லை. நீங்கள் எத்தனை மணிக்குத் திறக்கிறீர்கள் என்று எழுதவில்லை, சரிபாருங்கள். இப்போது பகல் வளர்ந்துகொண்டிருக்கிறது, காலம் உங்களுக்குச் சாதகம்.

தீனியில் ஒரு சந்தேகம் இருக்கிறது. சோறும் கேழ்வரகும் காய்கறித் தோலும் போடுகிறேன் என்கிறீர்கள். இவற்றில் மாவுச்சத்துதான் அதிகம். பருவமடையும் கோழிக்குப் புரதம் வேண்டும். கடையில் வளர்கோழித் தீவனம் வாங்கிப் பாதிக்குப் பாதியாவது கொடுங்கள். அந்த மூன்று வெளிறிய கொண்டைகளுக்கு இது காரணமாக இருக்கலாம், குடற்புழுவும் காரணமாக இருக்கலாம். பார்க்காமல் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. எச்சத்தைக் கொஞ்சம் அருகிலுள்ள அரசுக் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் சென்று பரிசோதித்துவிட்டு மருந்து கொடுங்கள். முட்டைக் கோழித் தீவனத்தை இப்போதே தொடங்க வேண்டாம். அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம். முட்டையிடாத கோழிக்கு அது வெகுநாள் போனால் சிறுநீரகத்துக்குச் சுமை. உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும். கோடையில் தீனியை விடியற்காலையிலும் மாலையிலும் கொடுங்கள். தண்ணீரை மண்சட்டியில் ஊற்றி நிழலில் வைத்து, பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் மாற்றுங்கள். வெந்தயமும் பூண்டும் கொடுத்தால் முட்டை சீக்கிரம் வரும் என்பார்கள். கொடுப்பதால் கெடுதல் இல்லை. என் அனுபவத்தில் ஒரு நாள்கூட முன்னே வந்ததில்லை. முருங்கைக்கீரை கொடுத்தால் மஞ்சள்கரு நிறமேறும், இது நிச்சயம்.

ஒரு வேளை முட்டை வந்துகொண்டே இருந்து உங்கள் கண்ணில் படாமலும் இருக்கலாம். கொண்டை சிவந்த அந்த இரண்டையும் இரண்டு நாள் காலையில் பின்தொடர்ந்து பாருங்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பழைய டயருக்குள், செடி மறைவில் ஏழெட்டு முட்டைகளைக் குவித்து வைத்திருந்த கோழிகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பெருச்சாளியும் காகமும் எடுத்துப் போவதும் உண்டு. ஆகவே இப்போதே ஓர் அடி அகலக் கூடையில் வைக்கோல் பரப்பி, இருட்டான, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் தரையோடு வையுங்கள். இரவில் கோழிகள் ஏறி உட்காரும் கம்பைவிட உயரத்தில் வைத்தால் அங்கேயே தூங்கி அசுத்தம் செய்யும். முட்டை வடிவில் மழமழப்பான கல் ஒன்றைக் கூடையில் போட்டுவைத்தால் இடம் புரிந்துகொள்ளும்.

எப்போது கவலைப்படலாம் என்றால், ஒன்பதாம் மாதம் முடிந்தும், கொண்டை சிவந்தும், கூடையில் போய் உட்கார்ந்து எழுந்தும் முட்டை இல்லையானால் மருத்துவரிடம் காட்டுங்கள். குஞ்சுப் பருவத்தில் வந்த சுவாச நோய் சில சமயம் முட்டைக் குழாயைக் கெடுத்துவிடும், அதற்கு மருந்து கிடையாது. வயிறு வீங்கி, பென்குவின் போல நிமிர்ந்து நடந்தால் அன்றைக்கே தூக்கிச் செல்லுங்கள். மதியத்தில் ஒரு கோழி மூச்சு வாங்குவதோடு நிற்காமல் கண் மூடித் தள்ளாடினால் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. நிழலுக்குக் கொண்டுவந்து கால்களைச் சாதாரண நீரில் அமிழ்த்திப் பிடியுங்கள். ஐஸ் நீர் கூடாது. தானாகக் குடிக்க முடிந்தால் மட்டும் தண்ணீர் காட்டுங்கள், வாயில் ஊற்றாதீர்கள்.

முதல் முட்டை சின்னதாக, சில சமயம் கோலிக்குண்டைவிடச் சற்றே பெரியதாக, மஞ்சள்கருவே இல்லாமல்கூட இருக்கும். ஓட்டில் ஓர் இரத்தக் கோடு இருக்கலாம். தோல்முட்டையாகவும் வரலாம். இரண்டு வாரத்தில் தானே சரியாகும். அன்று உங்கள் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஊரில் கூடையிலிருந்து முட்டையை எடுக்கும்போது ஒன்றை மட்டும் விட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள், இல்லாவிட்டால் கோழி இடம் மாற்றிவிடும் என்று சொல்வார். அவர் சொல்வது சரி. விட்டுவைக்கும் அந்த முட்டையில் பென்சிலால் ஓர் அடையாளம் போட்டு, நான்கு நாளுக்கொருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். கூடை நிழலிலேயே இருக்கட்டும்.